மேல்தளம் பார்த்தாயிற்று

ஆகஸ்ட் 4

அன்புள்ள சரித்திரத்துக்கு,

நலமா? அண்ணன் வீட்டில் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா, இல்லை, சாப்பாட்டு மேசையிலும் பாடம் எடுத்து அண்ணன் பிள்ளைகளை ஓட ஓட விரட்டிவிட்டாயா? பதினோரு தடவை போன் அடித்தேன். எடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். கையெழுத்தைக் குறை சொல்லாதே. விசில் ஊதிப் பிழைப்பவளுக்கு இதுவே அதிகம்.

நீ போன பிறகு வந்த தலைமையாசிரியை இந்த வருடம் கோட்டைச் சுற்றுலாவை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார். "ஒரு விபத்து நடந்துச்சுன்னு பிள்ளைகளைக் காலம் பூரா வகுப்புலயே பூட்டி வைக்க முடியுமா?" என்று கேட்கிறார். பொறுப்பு யார் தலையில் தெரியுமா? என் தலையில். உன் இடத்துக்கு வந்திருக்கும் பையனுக்கு எந்தப் போர் எந்த வருடம் என்று தலைகீழாகத் தெரியும். நாற்பது பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கத் தெரியாது. முன்கூட்டியே போய் இடத்தைச் சோதித்து நிரப்பும் முன்பார்வைப் படிவம் முன்பு இரண்டு பக்கம், இப்போது பதினோரு பக்கம். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி முடிப்பதற்குள் அந்தக் கோட்டையையே இன்னொரு தடவை கட்டிவிடலாம்.

அதனால் உன் நீல நோட்டு எனக்கு வேண்டும். ராஜினாமா கொடுத்த அன்று மேசையைக் காலி செய்தபோது அதை மட்டும் நீ கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். ஒன்பது வருடம் நாம் போய் வந்ததெல்லாம் அதில்தானே இருக்கிறது?

இன்னொரு விஷயம். தையல்காரம்மாவின் சின்ன மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அக்காவின் அதே நடை. முதல் நாள் வரிசையில் அவளைப் பார்த்ததும் எனக்கு விசில் ஊத வரவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உன்னை வந்து பார்க்காததற்குக் கோபமா? வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது.

உன்,
விசில்


ஆகஸ்ட் 13

அன்புள்ள விசிலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மேல் ஒரு கோபமும் இல்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அடுத்த அறையில் அண்ணி இருப்பாள், அவ்வளவுதான் காரணம். அண்ணன் பிள்ளைகள் ஓடவில்லை. என்னைக் கண்டால் புத்தகத்தை ஒளித்து வைக்கிறார்கள்.

நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் எழுதாதவை சில உண்டு. முதல் வாசலில் தலை எண்ணு. தூண் மண்டபத்தில் எண்ணாதே. ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் இருப்பார்கள், கணக்கு வராது, உனக்குத்தான் நெஞ்சு அடைக்கும். மூன்றாம் வாசல் தாண்டியதும் ஒருத்திக்கு அவசரமாக வரும், உடனே நாற்பது பேருக்கும் வரும். கழிவறை திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்து வை. கிணற்று மூடியைக் கையால் தூக்கிப் பார். காவலாளி சொல்வதை நம்பாதே. பீரங்கி மேல் ஏறி உட்காருவார்கள். உட்காரட்டும், அதற்கும் வேறு வேலை இல்லை.

மேல்தளத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதே. புதுக் கைப்பிடி போட்டிருந்தாலும் வேண்டாம்.

நீ ஒரு தடவையும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தையல்காரம்மாவின் பெரிய மகள் கைப்பிடியோடு விழுந்ததைப் பற்றிய விசாரணையில் "மேல்தளத்தை நேரில் பார்த்தது யார்?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். படிவத்தில் என் கையெழுத்து மட்டும்தானே இருந்தது? கீழே நான், மேலே நீ என்பது ஒன்பது வருடமாக நமக்குள் இருந்த ஏற்பாடு. நீ பார்த்தால் என்ன, நான் பார்த்தால் என்ன, எனக்கு இரண்டும் ஒன்றுதான். உனக்கு இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். எனக்கு ஒரு பெட்டி துணி. உன்னை எதற்கு இழுத்துவிட வேண்டும்? இதை நினைத்து நீ உருகாதே, தெரிந்து வைத்துக்கொள் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போனேன். மகளின் சீருடையில், சுற்றுலாவுக்கு நோட்டு வைத்துக்கொள்ளப் பெரிய பையாகத் தைத்துக் கொடுத்தாளாம், அந்தச் சீருடையை மடியில் வைத்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முன்னாடியே போய்ப் பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தோம்மா. கைப்பிடியப் பிடிச்சு ஆட்டிக்கூடப் பாத்தோம். அன்னிக்கு உறுதியாத்தான் இருந்துச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்கள்ல, அது போதும். எம்புள்ளைய யாரும் அசட்டையா விட்டுடலன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இங்கே எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம். அதற்குப் பிறகு நடந்தது நம் கையில் இல்லை.

மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சரித்திரம்


செப்டம்பர் 2

சரித்திரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வாரம் பெற்றோர் கூட்டம். அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கவே ஆளில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தையல்காரம்மா எழுந்தாள். "விசில் டீச்சர் கூட்டிட்டுப் போனா என் சின்னவள நான் அனுப்புறேன். போன தடவையும் மேல ஏறி, ஆட்டிப் பாத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கு மேல மனுஷங்க என்ன செய்ய முடியும்?" என்றாள். முன்னால் வந்து முதல் கையெழுத்தை அவள் போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். முப்பத்தெட்டுச் சீட்டு. அவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை தனியாகக் கோட்டைக்குப் போனேன். மேல்தளத்துக்கு ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு படி. முக்கால் மணி நேரம் ஆனது. பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்து, கடைசியில் சுவரைப் பிடித்து ஒரு காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். இரண்டு வருடத்துக்கும் மேலாக என் வலது முழங்கால் சரியில்லை. யாருக்கும் தெரியாது. முழங்கால் போன விளையாட்டு டீச்சரை மைதானத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயம். உன்னிடம் சொன்னால் ஓட்டித் தள்ளிவிடுவாய் என்று வெட்கம்.

போன வருட முன்பார்வையில் நான் மேலே ஏறவே இல்லை.

முதல் திருப்பம் வரை போனேன். கால் விண்ணென்று தெறித்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருடமாகப் பார்க்கிறோம், கல் கட்டடம், ஒரு வருடத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தேன். மூச்சு வாங்குவது போல நடித்தேன். நீ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி நீட்டினாய். "ஆட்டிப் பார்த்தேன், அசையல" என்று சொன்னேன். என் கண் முன்னால்தான் "மேல்தளம் பார்த்தாயிற்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

சனிக்கிழமை அங்கே இருந்த காவலாளியிடம் பழைய கைப்பிடியைப் பற்றிக் கேட்டேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "அது அடிப்பக்கம் துருப்பிடிச்சு ரொம்ப நாளும்மா. கம்பி வச்சுக் கட்டியிருந்தோம். தொட்டாலே ஆடும். யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார்.

தொட்டாலே ஆடும். நான் ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருந்திருப்பாள்.

உன் வேலை போனபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ எனக்காகப் பொய் சொன்னாய் என்று உன் கடிதத்தைப் படிக்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னை வந்து பார்க்கவில்லை. ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது என்று எழுதினேனே, அதுவும் பொய்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பதில் மட்டும் எழுது.

விசில்


செப்டம்பர் 10

விசிலுக்கு,

"அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டு, வேறு தாளில் தொடங்கியிருக்கிறேன்.

முழங்காலைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஓட்டித்தான் இருப்பேன். ஒரு வாரம் ஆசிரியர் அறையே சிரித்திருக்கும். ஓட்டிக்கொண்டே நான் ஏறிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். நூற்றுப் பன்னிரண்டு படிதானே? எனக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.

வேலை போனதற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது நானாக எடுத்துக்கொண்டது. பார்க்காத இடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன், அந்தக் குற்றமும் என்னுடையதுதான். ஆனால் அவளிடம் நான் சொன்னதை என்ன செய்யச் சொல்கிறாய்? மகளைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டிப் பார்த்தோம் என்றேன். உண்மை என்று நினைத்துச் சொன்னேன். அவள் அதை நம்பி மனதைத் தேற்றிக்கொண்டாள். இப்போது அதே நம்பிக்கையில் இரண்டாவது மகளையும் உன்னிடம் ஒப்படைக்கிறாள். இதைத் தாங்க முடியவில்லை எனக்கு.

இந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் நீ போய் உன் வாயால் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். நான் சொன்னால் அது கோள் சொல்வது போல ஆகிவிடும். அந்த இடத்தில் என்னை நிறுத்தாதே. தலைமையாசிரியையிடமும் எழுதிக் கொடு. தையல்காரம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பேருந்து கிளம்பக்கூடாது.

ஒன்பது வருடம் உன்னைத் தவிர எனக்கு அங்கே யாரும் இல்லை. அதனால்தான் நீ சொன்ன உடனே எழுதினேன், ஒரு தடவை கூடத் திருப்பிக் கேட்கவில்லை. இனிமேல் நீ எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்கத் தோன்றும். அப்படி வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

சரித்திரம்


செப்டம்பர் 19

சரித்திரம்,

எழுத வேண்டாம் என்றாய். தையல்காரம்மா உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது, அதற்காக மட்டும்.

நேற்று மாலை போனேன். யாருடைய சட்டைக்கோ கழுத்துப்பட்டை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், சின்னவளை நாற்காலி எடுத்து வரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. சின்னவளைக் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால், படி, கடிகாரம், காவலாளி, எல்லாம். சொல்லும்போது தையல் மிஷினை நிறுத்தியவள் பிறகு அதைத் தொடவே இல்லை.

அவள் திட்டவில்லை. அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன். மற்ற முப்பத்தேழையும் இன்று காலை தலைமையாசிரியையின் மேசையில் வைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். சுற்றுலா நிறுத்தப்பட்டுவிட்டது. எனக்கு விசாரணை உண்டு என்றார். சரி என்றேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "இது அந்த டீச்சருக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் எழுதினேன்" என்றேன்.

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட சொன்னது?"

"நான் சொன்னத நம்பித்தான் உங்ககிட்ட சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை உங்களப் பாக்க வர்றாங்க."

சின்னவள் திரும்பி வந்து வாசலில் நின்றாள். அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த டீச்சரை வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் எந்த வேலையும் வச்சுக்க மாட்டேன். ஒரு வருஷமா நான் சரியாவே அழல. அவங்களும் அழுதிருக்க மாட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் உக்காந்துக்குறோம். நீங்க வர வேணாம்."

நீ போ. நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
விளையாட்டு டீச்சர்