டெபோரா டீச்சரின் சங்கிலி

சேலையூர்,
புதன்கிழமை.

நிஷாவின் அப்பாவுக்கு,

சரிதா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம். இந்த முறை அதை மனதார எழுத முடிகிறது.

உங்கள் அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் திரும்ப வந்துவிட்டது. போனில் சொன்னால் அத்தை பிடுங்கிக்கொண்டு கதையை மாற்றிவிடுவார். அதனால்தான் கடிதம்.

கொரோனாவுக்குப் பிறகு பென்ஷன் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள், நிதி பெருகவில்லை என்று தாலுகா ஆபீசிலிருந்து வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். அதிகாரி வருகிறார் என்றதும் அத்தை, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோலத் தயாரானார். தான் விற்கும் மீன்கூடையைக் குளியலறையில் ஒளித்தார். எதிர்வீட்டு டெபோரா டீச்சரிடம் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். "என் மவன் சிறுசேரில பெரிய கம்பெனி சார், இப்போ ஃபாரின்ல கீறான்" என்றார். அதிகாரி காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே பென்ஷன் நின்றது. உங்களிடம் கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் சொன்னோம். சிறுசேரியில் உங்களை வேலையைவிட்டு அனுப்பியதால்தான் நீங்கள் வெளிநாடு போனீர்கள் என்பதை அத்தை யாரிடமும் சொன்னதில்லை.

பென்ஷன் பட்டியலில் அத்தையின் இடத்தில், கேம்ப் ரோட்டில் அவர் பக்கத்தில் மீன் விற்கும் பச்சையம்மாவைச் சேர்த்தார்கள். அதனால் மனு கொடுக்க அத்தை மறுத்தார். தன்னைத் திரும்பச் சேர்த்தால் பச்சையம்மாவை நீக்கிவிடுவார்கள் என்ற பயம். பச்சையம்மாதான் தாலுகா ஆபீசுக்கு இழுத்துப்போனார். "நீ சங்கிலி மாட்டிக்கினதுக்கு நான் பாவம் சுமக்கணுமா? நடடி."

அதே அதிகாரி. "சங்கிலி எங்கம்மா?" என்று கேட்டார்.

"அது டீச்சர்கூட சர்ச்சு கல்யாணத்துக்குப் போய்க்கீது சார்."

அவர் சிரித்துவிட்டார். பச்சையம்மா விடவில்லை. "நாங்க வாங்குற சோப்புக்கும் வரி கட்டிக்கினுதான் கீறோம் சார். சும்மாவா கேக்குறோம்?" இந்த வருஷம் கூடுதலாக நிதி வந்திருக்கிறது, ஒருவரை நீக்கித்தான் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும் என்பதில்லை என்றார் அதிகாரி. மறுபடியும் விசாரணைக்கு வந்தபோது மீன்கூடை வாசலிலேயே இருந்தது.

நேற்று அத்தை சர்க்கரை மாத்திரையை முழு அட்டையாக வாங்கிவந்தார். இத்தனை மாதம் பாதி அட்டையாக வெட்டித்தான் வாங்கினார். எனக்கும் தையல் வேலை தொடர்ந்து வருகிறது.

உங்களுக்கு அங்கே சம்பளம் வராதது எங்களுக்குத் தெரியும். உங்களோடு தங்கியிருக்கும் ஜோனத்தானின் மனைவி சொன்னாள். கேட்டால் சங்கடப்படுவீர்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்காக அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

அத்தை இதை மட்டும் அப்படியே எழுதச் சொன்னார்: "வெறுங்கையா வந்தாலும் வா. யாரு கேட்டாலும் மீன் விக்கிறவ மவன்னு சொல்லிக்கிறேன்."

வரும் நாளை மட்டும் எழுதுங்கள்.

சரிதா