சம்பந்திக்குப் பயிற்சி

மார்ச் 4, செவ்வாய்

மூன்று அழைப்பு. மூன்று பேரும் நலம். நான்தான் நலமில்லை.

ஆம்புலன்ஸ் நிலையத்துக்குத் திரும்பி, டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிலைய அதிகாரி புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி வந்தார். கடைசியாக நின்றது என் சம்பந்தி! என் மகளின் மாமியார். சீருடை, இழுத்துக் கட்டிய கொண்டை, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அவர் வேலை பார்த்த முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள், வேறு வேலை தேடுகிறார் என்பது தெரியும். அது இந்த வேலை என்று யாரும் மூச்சு விடவில்லை.

"இவங்க உங்க வண்டிக்கு. மூணு மாசம் பயிற்சி. தேறினாங்களா இல்லையான்னு கடைசியில நீங்கதான் எழுதணும்" என்றார் அதிகாரி.

அவரைத் தனியாக அறைக்குள் தள்ளிக்கொண்டு போய் உறவுமுறையைச் சொன்னேன். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஒருவருக்கு ஒருவர் பயிற்சி தரக்கூடாது. "சம்பந்தி இதுல இல்லையே மேடம்" என்று மூடி வைத்துவிட்டார். விதி எழுதினவர் பெண்ணைக் கட்டிக் கொடுக்காதவராக இருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "வீட்ல சும்மா உக்காந்திருந்தா உங்க பொண்ணு செய்யறதுல எல்லாம் குறை கண்டுபிடிப்பேன். எனக்கே என்னைப் பத்தித் தெரியும். அதான் கெளம்பிட்டேன்" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நன்றி என்றா?

ஆள் தூக்குவதில் அவரை மிஞ்ச முடியாது. கனத்த ஒரு அம்மாளைக் குறுகலான குளியலறையிலிருந்து முகம் சுளிக்காமல் வெளியே கொண்டுவந்தார். பேசிக்கொண்டே தூக்குகிறார். அந்த அம்மாள் வலியை மறந்து தன் மருமகளைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 19, புதன்

வேறொரு நிலையத்து வண்டியை யாரோ துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். கண்ணாடியோடு போயிற்று, ஆளுக்கு ஒன்றுமில்லை. இன்று முழுக்க எங்கள் நிலையத்தில் அதே பேச்சு. ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்று ஒரு மனு சுற்றுகிறது. முதல் கையெழுத்து எங்கள் ஓட்டுநருடையது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பார்லிமென்ட். எதைப் பற்றிக் கேட்டாலும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் அவரே பேசி, அவரே தீர்மானம் போட்டுவிடுவார்.

"கையில ஒண்ணு இருந்தா எதிர்ல இருக்கறவன் யோசிப்பானா மாட்டானா?" என்றார்.

"ஒரு கையில ஆக்சிஜன் மாஸ்க், ஒரு கையில துப்பாக்கி. மாஸ்க்க எந்தக் கையால மாட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"வீட்ல டிவி ரிமோட் யார் கையில இருக்கணும்னே எங்களுக்கு இன்னும் சண்டை தீரல. இதுல துப்பாக்கி வேறயா?" இது சம்பந்தி. நிலையமே சிரித்தது. நானும் சிரித்தேன். பயிற்சி கொடுப்பவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்கக் கூடாதுதான்.

ஏப்ரல் 2, புதன்

எழுதுகிற அழுத்தத்தில் பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

மதுக்கடை வாசலில் அடிதடி, ஒருவனுக்குத் தலையில் பாட்டில் குத்து. கைகலப்பு, கத்தி, துப்பாக்கி என்று அழைப்பு வந்தால் எங்களுக்கு ஒரே விதி. ஒரு தெரு முன்னாலேயே எல்லா விளக்கையும் அணைத்து நிறுத்த வேண்டும். போலீஸ் போய்ப் பார்த்து 'வரலாம்' என்ற பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது.

யாரோ "ஐயோ"ன்னு கத்தினாங்க. அவ்வளவுதான். நான் திரும்பறதுக்குள்ள சம்பந்தியம்மா இறங்கி ஓடறாங்க! பையைக்கூட எடுக்கல. அங்க ஒருத்தன் கையில உடைஞ்ச பாட்டில். நான் பின்னாலேயே ஓடிப் போய்ச் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். தெருவே வேடிக்கை பாக்குது. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"இருபது வருஷம் சத்தம் கேட்டா ஓடித்தான் பழக்கம்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. முதியோர் இல்லத்தில் ஓடாவிட்டால் தப்பு. இங்கே ஓடினால் தப்பு. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் இது முதல் தடவை இல்லை, மூன்றாவது.

ஏப்ரல் 3, வியாழன்

மகள் போன். "ஏம்மா, அத்தைய நடுத்தெருவுல வச்சுக் கத்தினியாமே? நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. அவர் எங்கிட்டயே முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாரு."

அவர் என்பது மாப்பிள்ளை. நான் திட்டியதற்கு என் மகளிடம் முகம் திருப்புகிறார். எங்கேயோ மழை பெய்கிறது, எங்கேயோ ஒழுகுகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவர் பேப்பரை மடிக்காமலே, "தேறினாங்கன்னு எழுதிட்டுப் போயேன். பொண்ணு வாழற வீடு" என்றார்.

அது எனக்குத் தெரியாதா? தேறவில்லை என்று எழுதினால் அவர் வேலை போகும். அந்த வீட்டில் என் மகள் நின்றாலும் குற்றம், நடந்தாலும் குற்றம் என்றாகிவிடும். தேறினார் என்று எழுதினால்? நாளைக்கு நான் இல்லாத வண்டியில், ஏதோ ஒரு தெருவில், ஒரு சத்தத்துக்குக் கதவைத் திறந்து ஓடுவார். மாப்பிள்ளைக்கு அம்மா இருக்க மாட்டார். அன்றைக்கு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன்?

மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மே 11, ஞாயிறு

எழுதத்தான் போகிறேன். தேறவில்லை என்று. உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்.

மே 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். இங்கே எழுதிவிட்டால் அங்கே மழுப்பத் தோன்றாது.

சாயங்காலம், நல்ல மழை, அப்போதே இருட்டிவிட்டது. ஒரு வீட்டில் துப்பாக்கிச் சத்தம், ஒருவருக்குக் காயம், யார் சுட்டது என்று தெரியாது. ஒரு தெரு தள்ளி நிறுத்தினோம். விளக்குகளை அணைத்தோம். போலீஸ் வர நேரமாகும் என்றார்கள். பார்லிமென்ட் உடனே அவையைக் கூட்டிவிட்டார். "இப்ப நம்மகிட்ட ஒரு துப்பாக்கி இருந்தா..."

எனக்கு அந்த விவாதம் அலுத்துவிட்டது. சும்மா இருக்கும் நேரத்தில் சம்பந்தியின் மதிப்பீட்டை எழுதி முடிக்கலாம் என்று தாளை எடுத்தேன். இருட்டில் தெரியவில்லை. இருக்கைக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கைப் போட்டேன். நான். இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான்.

பின்னாலிருந்து சம்பந்தி, "மேடம், லைட்டு எரியுது" என்றார்.

"தெரியும். கேட்டா மட்டும் பேசுங்க" என்றேன்.

'தேறவில்லை. சொல்லும் முன் இறங்கிவிடுகிறார்' என்று எழுதி நிமிர்ந்தேன். சந்துக்குள்ளிருந்து ஒரு ஆள் வருகிறார். கையில் நீளத் துப்பாக்கி. மழையில் தெரு முழுக்க ஒரே இருட்டு, எங்கள் வண்டியில் மட்டும் வெளிச்சம். அதைப் பார்த்துத்தான் வருகிறார். பார்லிமென்ட் ஸ்டீரிங்குக்குக் கீழே போய்விட்டார். சாவியும் அவரோடு கீழே விழுந்தது. எனக்கு விளக்கை அணைக்கக்கூடக் கை எழவில்லை.

அந்த ஆள் "அம்மா, அம்மா" என்று அழுகிறார். இப்போது பின்கதவு திறக்கும், இந்த அம்மாள் இறங்கி ஓடுவார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. தாழ் போடும் சத்தம்தான் கேட்டது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு விளக்கை அணைத்தது. அதே கை, வழிவிடச் சொல்லி அறிவிக்கும் மைக்கை எடுத்தது.

"ஐயா, அங்கேயே நில்லுங்க. கையில இருக்கறதக் கீழ வைங்க." தெருவுக்கே கேட்டது.

"வச்சா விழுந்துடுவேம்மா!" என்று கத்தினார் அவர். மின்னல் வெட்டியபோதுதான் பார்த்தேன். துப்பாக்கியை ஊன்றுகோலாக ஊன்றி, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வந்திருக்கிறார். மற்ற காலில் ரத்தம். துப்பாக்கியைத் துடைக்கும்போது தன் காலிலேயே சுட்டுக்கொண்டிருக்கிறார், பாவம்.

"அப்ப விழுங்க! விழுந்தா தூக்கத்தான் நாங்க இருக்கோம். அத வைக்காம கதவு திறக்காது."

தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தார். "இப்ப கையால தள்ளி விடுங்க. இன்னும் தூரம். ம். இப்ப காலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்குங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." போலீஸ் வரும்வரை அந்த மைக்கில் அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். எத்தனை பிள்ளைகள், யார் என்ன வேலை எல்லாம் கேட்டாயிற்று. குரல் நடுங்கியது. ஆனால் கதவைத் தொடவில்லை.

போலீஸ் துப்பாக்கியை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இன்னும் ஒரு குண்டு இருந்தது.

மூன்று பேரும் சேர்ந்துதான் கட்டுப் போட்டோம். கால் பிழைக்கும், ஒரு விரல்தான் சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பி வந்து வண்டியைக் கழுவும்போது சம்பந்தி கேட்டார்: "அப்படி என்ன எழுதிட்டிருந்தீங்க?"

"உங்களப் பத்திதான்."

"நல்லதாவா?"

"இல்ல."

துணியைப் பிழிந்து மறுபடி கதவைத் துடைத்தார். பிறகு, "அன்னிக்கு நீங்க திட்டினது மட்டும் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இல்லன்னா இறங்கியிருப்பேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளித் தண்ணீரை ஊற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மே 23, வெள்ளி

காலையில் மகள் போன். எடுக்கவே பயம். எல்லாம் தெரிந்திருக்கும், 'நீ பெரிய ஆளுன்னு நினைச்சேனேம்மா' என்பாள்.

"அத்தை நேத்து வந்து ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டுப் படுத்தாங்கம்மா. என்ன ஆச்சுன்னா, 'வேலை நல்லாப் போச்சு, உங்கம்மாவும் நானும் ஒரு ஆளைத் தூக்கிட்டு வந்தோம்'னு மட்டும் சொன்னாங்க. சண்டை தீந்துடுச்சா?"

தீந்துடுச்சு என்றேன்.

மே 26, திங்கள்

விசாரணை. விளக்கைப் போட்டது நான் என்று நானே சொன்னேன். அதிகாரி சம்பந்தியைக் கேட்டார், "நீங்க அணைக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். ஒரு தடவைதான் சொன்னேன். கேக்கலன்னா நானே அணைச்சிருக்கணும். அப்புறந்தான் கை சுவிட்சுக்குப் போச்சு."

பொய்யும் இல்லை, போட்டுக் கொடுத்ததும் இல்லை. எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. வேலைக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். என் உடம்பைப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பார்லிமென்ட் துப்பாக்கி மனுவைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டால், "அதுக்கு முன்னாடி ஸ்டீரிங்குக்குக் கீழ கொஞ்சம் இடம் விடச் சொல்லி ஒரு மனு போடணும்" என்கிறார்.

ஜூன் 3, செவ்வாய்

பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். தேறினார். இது மகளுக்காக எழுதியதில்லை. அதற்குப் பிறகும் இரண்டு அடிதடி அழைப்பு வந்தது. இரண்டிலும் அவர் கதவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

ஜூன் 14, சனி

எனக்கு விடுமுறை. சம்பந்திக்கு நான் இல்லாத முதல் ஷிஃப்ட். காலையில் துணி துவைத்தேன், அலமாரியை ஒதுக்கினேன், ஒதுக்கியதையே மறுபடி ஒதுக்கினேன். மத்தியானம் வானொலியில், எங்கள் நிலையத்துப் பக்கம் துப்பாக்கிச் சூடு, சாலை மூடல் என்றார்கள். கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பார்லிமென்டுக்குப் போன் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அவரும் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தார்.

"ஒரு தெரு தள்ளி நிக்கறோம்" என்று கிசுகிசுத்தார். "உள்ளயேதான் இருக்காங்க."

பின்னாலிருந்து குரல் கேட்டது. "யாரு, சம்பந்தியா? வேலை நேரத்துல என்ன போனு? ஸ்க்ரீன்லேர்ந்து வெளிச்சம் வருது, அணைங்க முதல்ல!"

டக்கென்று போன் அணைந்தது. பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். சாயங்காலம் இவர் வந்து எழுப்பும்வரை நல்ல தூக்கம்.