இரண்டு ஹெட்போனிலும் உன் அப்பா

திருச்சுழி
ஐப்பசி 18, செவ்வாய்

அன்பு மகன் மதன்குமாருக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகளும் பேத்தியும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய், போனில் என்றால் நடுவில் என் குரல் உடைந்துவிடும், அதை நீ கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. இங்கே மழை பிந்திவிட்டது. மக்காச்சோளத்தில் புழு விழுந்து குத்தகைக்கார முத்துராஜ் இரண்டு தடவை மருந்தடித்துவிட்டார், ஐயா இருந்திருந்தா முதல் இலையில ஓட்டை விழுந்த அன்னைக்கே பாத்திருப்பாக என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

நீ அனுப்பிய இரண்டு ஹெட்போனும் பத்திரமாக இருக்கின்றன. துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது, காதுக்குள் கேட்டால் யாருக்கும் தெரியாது என்று வழி சொன்னவன் நீதான். இரண்டில் எது நல்லது என்றும் எழுதச் சொன்னாய். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுத வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர்மார் பழக்கியது இன்னும் போகவில்லை, அதனால் முறையாகவே எழுதுகிறேன். இரண்டிலும் ஒரே பதிவைத்தான் கேட்டேன், போன தடவை நீ வந்தபோது பேத்தியைத் தூங்கவைக்க அப்பா பாடிய தாலாட்டு. முதலில் வந்தது டைனமிக், காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து ஒரு சவ்வைத் தள்ளுகிறது என்று நீ விளக்கினாயே, அது. காதை முழுக்க மூடிக்கொள்கிறது. அதில் அப்பாவின் குரல் கனமாக நெஞ்சிலிருந்து வருகிறது, தொட்டில் ஆடும்போது கொக்கி இடிப்பது தாளம் மாதிரி விழுகிறது. கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் ஒரு நல்ல போட்டோவைப் பார்ப்பது போலத்தான். அடுத்தது எலக்ட்ரோஸ்டாட்டிக், முடியைவிட மெல்லிய தாளை இரண்டு வலைத் தகட்டுக்கு நடுவே மின்சாரத்தால் அசைப்பது, தனியாக ஒரு பெட்டியை பிளக்கில் செருகினால்தான் பாடும். அதில் அடிக்கனம் குறைவு, கொக்கிச் சத்தம் லேசாகத்தான் வருகிறது. ஆனால் மற்றதெல்லாம் கேட்கிறது மதன். வரி முடிகிற இடத்தில் அவர் எச்சில் விழுங்குவது, சட்டைக் கை உரசுவது, அடுப்படியில் நான் டம்ளரை வைப்பது, எல்லாம். எந்தப் பக்கம் தலையைத் திருப்பினார் என்பதுகூடக் கண்ணை மூடினால் தெரிகிறது. மார்க் போடச் சொன்னால் இதற்குத்தான் கூடுதலாகப் போடுவேன்.

அது மூடாமல் திறந்தே இருப்பதால் பாட்டு வெளியேயும் கசியும் என்று நீ எழுதவில்லை, எனக்கும் தோன்றவில்லை. போன புதன்கிழமை பந்தல்குடியிலிருந்து உன் அத்தை சந்தனம்மாள் முருங்கைக்காய்க் கட்டோடு வந்துவிட்டாள். அறைக்குள் வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்று, ஏன் மதினி, எங்க அண்ணன் போயி இன்னும் வருசம் திரும்பல, அதுக்குள்ள பாட்டு கேக்குதாக்கும், கான்வென்டு படிச்சவுகளுக்குத் துக்கமும் வேற மாதிரியோ என்றாள். என்னைக் குத்த வேண்டுமென்றால் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அந்தக் கான்வென்டுதான். சற்று நேரத்தில் அவளே பேச்சை நிறுத்தி, இது அண்ணன்ல என்றாள். அவள் குழந்தையாக இருந்தபோது அவர்கள் அம்மா காட்டுவேலைக்குப் போய்விட, அவளைத் தோளில் போட்டு அவர் பாடிய தாலாட்டு அல்லவா அது. கழற்றி அவள் தலையில் மாட்டினேன். கொண்டை இடித்தது, அவிழ்த்துவிட்டாள். அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று அப்பா உட்காரும் வெறும் நாற்காலியைப் பார்த்து, அண்ணே, சந்தனம் வந்திருக்கேன், ஒனக்கு முருங்கைக்காய் கொண்டாந்திருக்கேன் என்று சத்தமாகச் சொன்னாள். அப்போது கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, பேப்பரில் போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. டைனமிக்காக இருந்தால் போன் சார்ஜில் பாடிக்கொண்டே இருந்திருக்கும், இது பாதி வார்த்தையில் நின்றுவிட்டது. மறுபடியும் போயிட்டாகளே மதினி என்று அவள் மாரில் அடித்து அழுத சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அழாதவள் நான், சுடுகாட்டுக்குத் தூக்கும்போதும் நாலு பேர் முன்னால் அழாதவள், அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆகவே என் பதில் இதுதான். இசை கேட்க எலக்ட்ரோஸ்டாட்டிக். எனக்கு டைனமிக் போதும். அதில் போனவர் போனவராகவே இருக்கிறார், மற்றது அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் எழுப்பிக்கொண்டு போகிறது, அதற்கு என்னிடம் தெம்பில்லை. பெட்டியோடு அதைச் சந்தனத்துக்கே கொடுத்துவிட்டேன், அவள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தூசியும் ஈரமும் ஆகாது என்று சொன்னதிலிருந்து பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பது போல அதைப் பார்க்கிறாளாம். நீ கோபப்படக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைத்திவசத்துக்கு லீவு கிடைக்காது, அத்தை மகன் வீரபாண்டியே செய்யட்டும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாய். அப்பா போனபோது விசாவால் நீ வர முடியவில்லை, அன்றும் அவன்தான் கொள்ளி வைத்தான், அதில் உன் தவறு ஒன்றுமில்லை. இப்போதும் சொன்னால் குண்டாற்றங்கரையில் குறையில்லாமல் செய்துவிடுவான். ஆனால் அந்த ஹெட்போனைச் சந்தனத்திடம் கொடுப்பதற்கு முன் உன் மெசேஜை நான் அதில் கேட்டுவிட்டேன். லீவு என்று சொல்லும் முன் நீ நிறுத்தியதும், மூக்கை உறிஞ்சியதும், போனிலிருந்து வாயைத் தள்ளி வைத்துக்கொண்டு மூச்சு விட்டதும் கேட்டது. நீ லீவே கேட்கவில்லை. அப்பா இல்லாத வீட்டுக்குள் நுழைய உனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் அப்படித்தான், கோயிலுக்குப் போய்விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது தினமும் கை நிற்கிறது. நீ வா. பஸ் நிற்கிற இடத்துக்கே நான் வந்து நிற்கிறேன், வீட்டுக்குள் சேர்ந்தே போகலாம். இதை நான் இரண்டாம் தடவை கேட்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க, அப்பா சார்பிலும் சேர்த்து நானே ஆசீர்வாதம் செய்கிறேன். பேத்தியைத் தமிழில் பேசவிடு. திதி கார்த்திகை தேய்பிறை சப்தமி, ஐயரிடம் திவசம் செய்கிற கர்த்தா பெயர் என்று உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா,
முருகலட்சுமி நல்லமுத்து