குடிபூரலுக்கு முதல்நாள் வந்த தந்தி

27.05.1984, ஞாயிறு
மண்கும்பான்

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தேன். அண்ணை புதுவீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டு நின்றார், தலையெல்லாம் சுண்ணாம்பு. "குடிபூரலுக்குப் பத்து நாளைக்கு முந்தியே வந்திட்டாய், நல்லது" என்றார். ஓம் என்றேன்.

பால் காய்ச்சிப் புதுவீட்டுக்குக் குடிபுகுவது ஜூன் ஆறாந்திகதி. நான் மூன்று கிழமை லீவு எடுத்தது அதற்கு மட்டுமல்ல. ஜூன் பதினைந்து வெள்ளிக்கிழமை கொழும்பில், எங்கள் வங்கியில், எனக்கு நேர்முகப் பரீட்சை; அதற்கு இங்கே ஒதுங்கியிருந்து படிக்க வேண்டும். கொம்பியூட்டர் பிரிவின் தலைவர் பதவி. பதினொரு வருடம் புரோகிராம் எழுதியவளுக்கு, எழுதுகிறவர்களை நடத்தத் தெரியுமா என்று பார்க்கப் போகிறார்கள். அந்தப் பதவி எனக்கு வேண்டும். இதில் எழுதுவதற்கு என்ன வெட்கம்? வேண்டும்.

அண்ணைக்குச் சொல்லவில்லை. அவர் பெண்சாதி, மச்சாளுக்கும் இல்லை. எங்கள் ஊரில் எவர் சொல்கிறார்கள்! சோதனை எழுதினால் மறுமொழி வரும்வரை மூச்சில்லை. கலியாணம் பேசினால் பக்கத்து வளவுக்குத் தெரியாது. கண்ணூறு பட்டுவிடுமாம். இத்தனை வருடம் மெஷினோடு மாரடித்தும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

29.05.1984

ஓய்வுபெற்றுப் போன எங்கள் பழைய தலைவர் தன் கையால் எழுதித் தந்த கேள்விகள் இருபத்திரண்டு. பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். நல்ல நாள் பார்க்கிறேன் என்று மச்சாளுக்குச் சந்தோஷம். இந்த வயதில் ஒரு கலியாண யோகம் வந்திருக்கிறதாக்கும் என்று நினைக்கிறாள்.

காலையில் கடற்கரைக்குப் போய் ஆங்கிலத்தில் சத்தமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். நண்டுகளைத் தவிர ஒருவருமில்லை. புதுக் கிளைகளை எப்படி இணைப்பீர், மெஷின் நின்றால் வாடிக்கையாளருக்கு என்ன செய்வீர் — எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. திரும்பினால் பக்கத்து வளவுச் சின்னாச்சி அக்கா விறகுக் கட்டோடு நிற்கிறாள். "ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?" தேவாரம் பாடினேன் என்றேன். நம்பவில்லை.

31.05.1984

பதினேழாவது கேள்வி: "உமது பிரிவில் ஒரு பிழை நடந்தால், அது உமக்கு எப்படித் தெரியவரும்?"

ஒரு பக்கம் எழுதினேன். இரவு வேலை முடிய மெஷின் ஒரு பிழைப் பட்டியல் அச்சடிக்கும், கூட்டுத்தொகை இரண்டு வழியால் சரிபார்க்கப்படும், இப்படி. குறை சொல்ல இடமில்லை.

பின் ஏன் வாசிக்க வாசிக்க உறுத்துகிறது? போன மார்கழி மெஷின் அறை யாக்கோப்பு கணக்குப் பதிந்த காந்த நாடாவில் பழையதைப் போட்டு வேலையை ஓட்டிவிட்டு மூன்று நாள் வாய் திறக்கவில்லை. தெரியவந்ததும் எல்லார் முன்னாலும் அந்த மனிசனைக் கிழித்துப் போட்டேன். ஐம்பது வயது மனிசன். அதற்குப் பிறகு என்னோடு 'குட்மோர்னிங்' மட்டுந்தான்.

அவர்தானே பிழை விட்டவர்? ஓம். அடுத்த கேள்வி.

02.06.1984

அண்ணைக்கு ஒரே யோசனை. கதிர்காமுச் சித்தப்பா கொழும்பு ஆஸ்பத்திரியில். ஐயாவின் கூடப்பிறந்தவர். நான் கொழும்பில் இத்தனை வருடமும் இருப்பது அவர் வீட்டில்தான். வரமுன் போய்ப் பார்த்தேன், கஞ்சி குடித்தார், சோற்றைக் காணவில்லையென்று தாதியோடு சண்டையும் பிடித்தார். சொன்னால் அண்ணை கேட்டால்தானே. அவருக்கு ஏதும் நடந்து செய்தி வந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. ஒரு நல்ல காரியமும் செய்ய ஏலாது. அதோடு ஆனியும் ஆடியும் குடிபுக ஆகாத மாதங்கள். வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும்.

"ஆறாந்திகதி மட்டும் தாக்குப் பிடிச்சால் காணும்" என்கிறார். சித்தப்பா கேட்டால் எழும்பி வந்து அடிப்பார்.

05.06.1984

நாளை குடிபூரல். மத்தியானத்திலிருந்து அண்ணை ஒரு மாதிரி. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். மச்சாள் கேளாமலே எனக்கு இரண்டு தரம் தேத்தண்ணி தந்தாள். வேலைக் களைப்பாக்கும்.

06.06.1984, புதன்

பால் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்தது, எல்லாருக்கும் திருப்தி. வேலணை, ஊர்காவற்றுறை, அனலைதீவிலிருந்தெல்லாம் சனம். எனக்கு இன்று நல்ல மரியாதை. சின்னாச்சி அக்கா என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். மச்சாளின் தாய் தன் வடையை என் இலையில் வைத்தாள். முப்பத்தேழு வயதில் தனியாக நிற்பது இவ்வளவு பரிதாபமா? கொஞ்சம் கோபந்தான் வந்தது. வடையைச் சாப்பிட்டேன்.

07.06.1984, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை தேத்தண்ணி குடித்து முடியும்வரை எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணை அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்கு அடியிலிருந்து ஒரு தந்தியை எடுத்துவந்தார். என் பேருக்கு. ஒட்டினது ஒட்டினபடி.

"மனசைத் திடப்படுத்து பிள்ளை. சித்தப்பாவுக்கு வயசு போட்டுது."

மச்சாள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துவிட்டாள். நான் பிரித்தேன்.

"நேர்முகப் பரீட்சை முன்தள்ளப்பட்டது. வியாழன் ஏழாந்திகதி காலை பத்து மணி."

இன்று. மணி எட்டரை. நான் மண்கும்பானில்.

என் முகத்தைப் பார்த்துச் சின்னாச்சி அக்கா ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். "ஒருத்தரும் சாகேல்லை!" என்று கத்தினேன். அதோடு நிற்கவில்லை. முதல்நாள் பால் காய்ச்சின வீடு — அதற்குள் நின்று நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத மாட்டேன். மச்சாள் அழுதுகொண்டு குசினிக்குள் போனாள்.

செவ்வாய் மத்தியானமே வந்துவிட்டது. அன்றிரவு மெயில் ரயிலைப் பிடித்திருந்தால்கூட ஒரு நாள் மிச்சம்!

"திறந்தால் தெரிஞ்சதாய்ப் போகும். தெரிஞ்சால் துடக்கு. அதுதான் திறக்கேல்லை" என்றார் அண்ணை.

"என்னட்டை ஒரு சொல் சொல்லியிருக்கலாந்தானே!"

"நீ சொன்னனியே, எதுக்கு வந்தனீ எண்டு?"

தந்தியை மடித்து எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பத்தரைக்கு ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் கொழும்புக்கு ட்ரங்க்கோல் கேட்டுப் பதிந்தேன். ஒரு மணித்தியாலம் காத்து நின்றேன். பொது முகாமையாளரின் காரியதரிசி பேசினாள். குழுவில் இருக்கும் வெளிநாட்டு ஆலோசகர் வருகிற செவ்வாய் பயணமாம், அதனால்தான் திகதியை மாற்றினார்களாம். பதவி கேட்ட மற்ற இரண்டு பேரையும் பார்த்து முடிந்தது. வேண்டுமென்றால் திங்கள் காலை வந்து பாரும், ஒன்றும் சொல்ல முடியாது.

09.06.1984

பண்ணைப் பாலம் தாண்டும் வரைக்கும் அண்ணை பஸ்ஸில் கூட வந்தார். பேசவில்லை. இறங்கும்போது, "எனக்கு உன்னட்டைச் சொல்லப் பயமாயும் இருந்தது. நீ கத்துவாய்" என்றார். என்னை விடப் பத்து வயது மூத்தவர்.

ரயிலில் படிக்க எடுத்த கேள்விகளை மடியிலேயே வைத்திருந்தேன். செவ்வாய் மத்தியானத்திலிருந்து வியாழன் காலை வரை ஒவ்வொருவரும் செய்ததை ஒழுங்காக எண்ணிப் பார்த்தேன், ஒரு புரோகிராமில் பிழை தேடுவதுபோல. தந்திக்காரர், சரி. அண்ணை, அவருக்குத் தெரிந்த அளவில் சரி. மச்சாள், சின்னாச்சி அக்கா, சரி. பிழை எல்லாவற்றுக்கும் முன்னால், நான் பெட்டியோடு வந்து இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

11.06.1984, திங்கள்
கொழும்பு

இருபது நிமிடந்தான் தந்தார்கள். ஆங்கிலத்தில் நடந்தது, எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது.

வியாழக்கிழமை ஏன் வரவில்லை என்று பொது முகாமையாளர் கேட்டார். அவரே, "வடக்கில் தபால் தாமதம், என்ன?" என்று வழியும் காட்டினார். ஓம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. ஒருவரும் விசாரிக்கப் போவதில்லை.

"தந்தி நேரத்துக்கு வந்தது. எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இரண்டு இரவு இருந்தது" என்றேன். முழுக்கதையும் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பொது முகாமையாளர் சிரிக்கவில்லை.

"அப்படியானால் உமது தமையனின் பிழை."

"இல்லை. அவருக்குத் தேவையான விபரத்தை மறைத்தது நான். கூடவே, என் வாய்க்கும் பயந்திருக்கிறார்."

இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்றார். யாக்கோப்பின் மூன்று நாளைச் சொன்னேன். "மெஷின் விடுகிற பிழையை மெஷினே அச்சடித்துத் தரும், சேர். ஆட்கள் விடுகிற பிழை என்னிடம் வருமா என்பது என்னைப் பொறுத்தது. இதுவரை வரவில்லை" என்றேன்.

தலைவர் பதவி கேட்கப் போனவள் பேசுகிற பேச்சா இது? கீழே வந்து கன்ரீனில் தண்ணீர் குடித்தேன். போச்சு. ஆனால் வயிறு எரியவில்லை.

14.06.1984

யாக்கோப்பிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும். கத்தினது எல்லார் முன்னாலுந்தானே. "பரவாயில்லை மிஸ் சறோஜினி, அது பழைய கதை" என்றார். கண்ணைப் பார்த்தால் பழைய கதையாகத் தெரியவில்லை.

29.06.1984

கடிதம் தந்தார்கள். ஆறு மாதத்துக்கு நான் தற்காலிகத் தலைவர். அதற்குப் பிறகு பார்ப்பார்களாம். கந்தோரில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சித்தப்பாவின் கட்டிலில் இருந்து அழுதேன். சந்தோஷந்தான். தான் சாகப்போவதாக்கும் என்று மனிசன் பயந்துபோனார்.

08.07.1984

நிரந்தரமாகும் முன்னரே அண்ணைக்கு எழுதிவிட்டேன். இன்று பதில். "நல்ல செய்தி. ஆனால் ஏன் இப்பவே எழுதினனீ? நான் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மச்சாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள், எதுக்கென்று ஐயருக்கும் சொல்லவில்லை."

16.07.1984, திங்கள்

பதினொரு மணிக்கு றோஸ் வந்து என் கதவடியில் நின்றாள், மெஷின் அறையில் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த பிள்ளை. உதடு வெளுத்திருந்தது. "மிஸ், வெள்ளிக்கிழமை நாடாவுக்கு மேலை இண்டையான் வேலையைப் பதிஞ்சுபோட்டன். இப்பதான். பத்து நிமிசம் இருக்கும்."

வெள்ளிக்கிழமை வேலை முழுவதும்! தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"இரும் பிள்ளை. ஆர் உம்மை வந்து சொல்லச் சொன்னது?"

"யாக்கோப்பு அண்ணை. மிஸ்ஸிட்டை இப்பவே போய்ச் சொல்லு, அவ கத்தமாட்டா எண்டவர்."

கிளைகளிலிருந்து வந்த தாள்களைத் திரும்ப எடுப்பித்து, நாங்கள் மூன்று பேருமாக நாலரைக்குச் சரிக்கட்டினோம். போகும்போது றோஸ் சிரித்தாள். கத்தத்தான் வாயைத் திறந்தனான் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.