டோக்கன் மாதிரிதான்

1969 ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்த மனுசன் பேச்சைக் கேட்டா இப்படித்தான். எனக்கு இந்தியக் குடியுரிமை வந்தாச்சு, பழைய சிலோன் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும்னு கோலார் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. "இன்னாத்துக்கு பயப்படற? நந்திதுர்க் சுரங்கத்துல நாங்க கீழ எறங்கறப்போ டோக்கனைக் குடுக்கறோம், போர்டுல மாட்டறாங்க. மேல வந்ததும் வாங்கிக்கறோம். அது மாதிரிதான்"னு பஸ்ல வழி பூரா சொன்னாரு. நானும் நம்பிக் குடுத்தேன். கிளார்க் ரசீதை நீட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

"சார், திருப்பி வாங்க எப்போ வரணும்?"னு இவரு கேக்கறாரு!

"திருப்பியா? அதை சிலோனுக்கே அனுப்பிடுவோம்."

கண்டியில அம்மா படுத்த படுக்கை. கிறிஸ்மஸுக்கு வர்றேன்னு எழுதிட்டேன். இனி இந்த ஊரு பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி... அதுக்குள்ள அம்மா...

ராபர்ட்சன்பேட்டையில இறங்கினதும் மல்லிப்பூ வாங்கிக் குடுத்து, "நீ இப்போ நம்ம ஊரு ஆளு"ன்னு சிரிக்கறாரு. வெச்சுக்கவே இல்ல. ஜன்னல்ல கிடக்குது.

ஷிஃப்ட் முடிஞ்சும் போர்டுல ஒரு டோக்கன் தொங்கினா, அந்த ஆளு இன்னும் கீழயே இருக்கான்னு அர்த்தம். அதையும் இவருதான் எனக்குச் சொன்னாரு.