வியாழக்கிழமை கடைசி பீரியட்

என் வாணிக்கு,

நீ கண்ணை மூடி நாலு மாசமாச்சு. தி.நகர்ல நம்ம ஸ்கூலுக்கு இப்ப நான்தான் பிரின்சிபால். சிரிக்காதே.

என்னைவிட ஒன்பது வயசு சின்னவ நீ. என்னை விட்டுட்டு உன்னை பிரின்சிபால் ஆக்கினப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்க மாட்டேன். முதல் நாள் நீ ஆசையா அக்கான்னு கூப்பிட்டதுக்கு, கணக்கு மிஸ்னே கூப்பிடுங்க மேடம்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னேன். ஸ்டாஃப் ரூம்ல உன்னைப் பத்திப் பேசாத பேச்சில்லை.

போன வாரம் உன் பழைய சப்ஸ்டிட்யூஷன் நோட்டை எடுத்தேன். லீவு போட்டவங்க வகுப்புக்கு வேற யார் போகணும்னு தினமும் காலையில எழுதற நோட்டு. யார் பேரை எழுதினாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறாங்களே, நீ எப்படித்தான் சமாளிச்சியோன்னு பார்க்கத்தான் எடுத்தேன்.

வியாழக்கிழமை கடைசி பீரியட் எனக்கு வகுப்பு கிடையாது. அப்பத்தான் நைசா கிளம்பி வீட்டுக்காரரை அடையாறுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். யார்கிட்டயும் சொன்னதில்லை. பாவம்னு யாராவது பார்த்தா எனக்குப் பிடிக்காது. மூணு வருஷத்துல ஒரு வியாழன்கூட அந்த பீரியட்ல என்னை வேற வகுப்புக்கு அனுப்பலை. என் அதிர்ஷ்டம்னு நினைச்சேன்.

நோட்டுல பார்த்தா ஒவ்வொரு வியாழனும், யார் லீவுன்னாலும், கடைசி பீரியட்ல உன் பேர்தான் இருக்கு. மூணு வருஷப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துட்டேன் வாணி. உனக்கு யார் சொன்னா? அப்படித் திட்டினவளுக்கு இதைச் செய்ய எப்படி மனசு வந்தது? வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

ஃபிசிக்ஸ் ஷீலா செவ்வாய்க்கிழமை மட்டும் முதல் பீரியடுக்கு லேட்டா வர்றா. ஏற்கனவே ரெண்டு மெமோ, மூணாவதுன்னா வேலை போயிடும். அந்த மூணாவதையும் தாளாளர் டைப் பண்ணி என் கையெழுத்துக்கு அனுப்பிட்டார். நேத்து அதைக் கையெழுத்துப் போடாம எடுத்துக்கிட்டுப் போய், "டைம் டேபிள் போட்டது நான், தப்பு என்னோடது சார்"னு திருப்பிக் கொடுத்தேன். முறைச்சார். அப்புறம் வாங்கி வெச்சுக்கிட்டார்.

அவளோட செவ்வாய்க்கிழமை முதல் பீரியடை நான் எடுத்துக்கிட்டு, அன்னிக்கு என்னோட கடைசி பீரியடை அவளுக்குக் கொடுத்துட்டேன். கண் கலங்கி வந்து நின்னா. நான் காரணம் எதுவும் கேட்கலை. டீ குடிச்சுட்டு வகுப்புக்குப் போன்னு அனுப்பிட்டேன்.

இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் அந்த நோட்டுல முதல்ல என் பேரைத்தான் எழுதுவேன், இது உனக்குக் கொடுக்கற வாக்கு. நீ ஒரே ஒரு தடவைதான் அக்கான்னு கூப்பிட்டே. மறுபடி கூப்பிட நான் விடலை.

உன் அக்கா,
சாவித்திரி