புறா ரத்தம் தடவியும் எழாதவருக்கு

நான் புறா ரத்தம் தடவ விடாததால்தான் நீங்கள் இறந்தீர்கள் என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பக்கவாதம் வந்து நீங்கள் விழுந்த அன்று, டாக்டர் வருவதற்குள் உங்கள் தங்கை ரெஜினா புறாவை அறுத்து உங்கள் வலக்கையிலும் காலிலும் தடவினாள். பீங்கான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிடித்தேன்.

இன்று பூசை முடிந்து வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் புறாக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர இறகு வாடை அன்றைய நாளை அப்படியே கொண்டுவந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதே மழைக்காலத்தில் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் அந்தோணியும் பக்கவாதத்தில் விழுந்தான். அவனுக்கும் புறா ரத்தம்தான் தடவினார்கள். அவன் இப்போது காலை இழுத்து இழுத்துக் கோவிலுக்கு வருகிறான். அவனைக் காட்டித்தான் ரெஜினா கோவில் வாசலில் எல்லாரிடமும் சொல்கிறாள்: "தோ, அந்தோணி நடந்துகினு கீறான் பாரு. எங்கண்ணனுக்குத் தடவ வுட்டாளா இவ? கான்வென்ட்ல படிச்ச திமிரு."

ஒருநாள் அதைக் கேட்டு அந்தோணி என்னைப் பார்த்துச் சிரித்தான். "ரத்தம் எனக்குத் தடவுனாங்கோ, சரி. கறிய யாரு துன்னாங்கோன்னு இன்னி வரிக்கும் தெரியலம்மா."

அவன் பிழைத்ததற்கும் நீங்கள் பிழைக்காததற்கும் காரணத்தை டாக்டர் எனக்கு ஒளிக்காமல் சொன்னார். "அந்தோணியுடையது நல்ல இதயம். இவருடையது முன்பே பழுதானது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் இதயத்துக்குள்ளேயே ரத்தம் கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். விழுந்த பிறகு தாங்கி எழுவதற்கும் அதே இதயம்தான் வேண்டும், அம்மா."

உங்களுக்கும் ரெஜினாவுக்கும் சிறுவயதில் ஒரே சமயத்தில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டதை உங்கள் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டு நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். ஆனால் நீங்களோ படியேறி வந்து மூச்சு வாங்கும்போதெல்லாம் கேலி பேசுவீர்கள். "கொருக்குப்பேட்டை ரயில் யார்டு நம்ம நெஞ்சுக்கு வந்துட்ச்சு. ஷண்டிங் நடக்குது, நீ வேலைய பாரு." ஆஸ்பத்திரியில் உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்தபோது அந்தக் கேலி எனக்குப் புரிந்தது. இரண்டு இடி, ஒரு நிறுத்தம், பிறகு அவசரமாக மூன்று. சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று மோதுவது போலவே இருந்தது.

போன ஞாயிறு ரெஜினா கோவில் படியில் பாதியிலேயே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. தாங்குவது போல அவள் கையைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தேன். அதே யார்டு. அதே இடி.

"டாக்டரிடம் போகலாம், வா" என்றேன். கையை உதறினாள். "எனுக்கு ஒண்ணியும் இல்ல அண்ணி. அப்டி எதுனா வந்தா வூட்ல புறா கீது."

புறா ரத்தம் உங்களுக்கு உதவவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தடவியவளே அவள்தானே. அதை ஒப்புக்கொண்டால் உங்களைக் கொண்டுபோனது இதயம் என்றாகும். தன்னிடம் இருப்பதும் அதே இதயம் என்றாகும். அந்தப் பயத்தில்தான் பழியை என் மேல் போடுகிறாள் என்று நினைக்கிறேன். பழி இருக்கட்டும். அவள் துடிப்பு இன்னும் என் விரல் நுனியில் நிற்கிறது. உங்களுடையதும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் தூங்கி நாளாகிறது.

டாக்டரைப் பார்க்கச் சொல்லி நான் எழுதிய கடிதத்தை அவள் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். அதனால் இதை உங்கள் பெயர் எழுதி, அவளுடைய திருவொற்றியூர் வீட்டுக்கு அனுப்புகிறேன். அண்ணன் பெயர் போட்ட உறையை அவளால் பிரிக்காமல் இருக்க முடியாது.

ரெஜினா, இவ்வளவு தூரம் படித்துவிட்டாய். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை ரிக்‌ஷாவோடு உன் வாசலுக்கு வருகிறேன். டாக்டரிடம் வருவாயா, மாட்டாயா? ஒரு கார்டில் எழுதிப் போடு.